படம் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்த தூள்

திலகவதி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு விளம்பரமாகத்தான் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். இங்கே லண்டனில் இருக்கும் எங்கள் தமிழ் வர்த்தக மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு குத்துவிளக்கு, அதற்குப் பின்னால் இலங்கை வரைபடம், நடுவில் அக்காவின் முகம். ஏதோ கலியாண வீட்டில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரை வெட்டி எறிந்ததில் அக்காவின் ஒரு காதும் போய்விட்டது. மேலே 'ஏற்றுமதிச் செம்மல்' என்று ஒரு பட்டம். கீழே 'எமது மன்றத்தின் அசையாத் தூண் சாய்ந்தது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, மன்றத்துக்கு அனுசரணை வழங்கும் வீட்டுக்கடன் தரகர், நகைக்கடை, கலியாண மண்டபம் ஆகியோரின் சின்னங்கள்.

அசையாத் தூண் எப்படிச் சாயும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் போகவில்லை. ஏனென்றால் போன வருடம் இதே குழுவிலிருந்துதான் அக்காவை வெளியேற்றினார்கள். உயிரோடு இருந்தபோது குழுவில் இருக்க லாயக்கில்லாத மனுசி, செத்ததும் தூணாகிவிட்டார்.

கோபத்தோடு நினைவஞ்சலி எழுதக்கூடாது என்பது என் மனைவியின் கட்சி. "ஆறட்டும், பிறகு எழுதுங்கோ" என்கிறாள். ஆறினால் நானும் செம்மல், தூண் என்றுதான் எழுதுவேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்களுக்காகவும், தெரிந்தும் தெரியாததுபோல இருந்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

திலகவதி அக்கா பல வருடங்கள் இங்கே ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை செய்தவர். எந்தப் பொருளை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்கிற மேசையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப்போலக் கோயில், ஸ்பெயின் சுற்றுலா என்று திரியாமல், கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆலையில் பெண்கள் வறுத்து அரைக்கும் மிளகாய்த்தூளை இறக்குமதி செய்யத் தொடங்கினார். வெம்பிளியில் ஒரு டயர்க்கடைக்குப் பின்னால் சின்னதாய் ஒரு கிடங்கு எடுத்தார். சுங்க அனுமதி எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். அக்காவின் சரக்கெல்லாம் எங்கள் மூலமாகத்தான் நாட்டுக்குள் வந்தது. அவர் கிங்ஸ்பரி வீட்டில் நெஞ்சு நோவு வந்து இறந்துபோன அன்றும், ஆலையின் ஒரு சரக்கு கடலில் வந்துகொண்டிருந்தது.

முதல் சரக்கு வந்தபோது துறைமுகத்தில் சோதனைக்காக நிறுத்திவிட்டார்கள். மிளகாயில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் நஞ்சு உண்டாகும். அது இருக்கிறதா என்று லாப் என்கிற ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். எனக்கு இது பழகிய விஷயம். பழகாதது, அதற்கு நம்மவர்கள் போடும் சத்தம். 'போரில் நொந்த பெண்கள் செய்த சாமானைச் சோதிக்கிறார்களா' என்று என்னோடு சண்டை பிடித்த இறக்குமதியாளர்கள் உண்டு. தன் தொகுதி எம்.பி.யிடம் சொல்லப்போவதாக வெருட்டிய ஒருவரும் உண்டு. அக்காவும் அப்படித்தான் வருவார் என்று தயாராக இருந்தேன். வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சோதிக்கட்டும் தம்பி. பிழைச்சா எரிக்கட்டும். எரிக்கிறதுக்கு நானே கையெழுத்து வைச்சுத் தாறன்."

"அந்தப் பிள்ளையள் பாவம் எல்லோ அக்கா?"

"பாவந்தான். ஆனா பாசத்தை லாப் பாஸ் பண்ணாது."

சரக்குத் தப்பியது; கிங்ஸ்பரித் தமிழ்க்கடைக்கும் போனது. அந்தச் சந்தோசத்தில், எனக்கு ஒரு பக்கெற் தூள் தாருங்கள் என்று கேட்டேன். "கிங்ஸ்பரியில கடையில இருக்கு, போய் வாங்குங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு யாழ்ப்பாணத்து மனுசி என் முகத்துக்கு நேரே தூள் தர மறுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஏன் சுருக்கென்றது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்காவின் சண்டை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் சனத்தில் யாரும் தூள் வாங்குவதில்லை. தூள் 'வரும்'. ஊருக்குப் போனவர் திரும்பும்போது ஒரு சூட்கேஸ் நிறைய வரும். அம்மா வறுத்தது, மாமி இடிப்பித்தது, சித்தி வெயிலில் காயவைத்தது. பொலித்தீன் பை, அதற்கு மேல் இன்னொரு பை, அதற்கு மேல் பழைய பேப்பர், அதற்கு மேல் ஒட்டுநாடா. கூடவே பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பனங்கட்டி, மோர்மிளகாய். திறந்த அன்று வீடு முழுக்கத் தும்மல். பிறகு அயலுக்கும் நட்புக்கும் பங்கு. சம்பளத்துக்கு வேலை செய்கிற, வீடும் காரும் உள்ள மனிதர்கள், கடையில் காசு கொடுத்து யாழ்ப்பாணத்துத் தூள் வாங்குவதை ஒரு வெட்கக்கேடாகவே நினைக்கிறார்கள். வாங்கினால் ஊரில் அனுப்ப ஆளில்லை என்று அர்த்தமாம்.

இதே மனிதர்கள்தான் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஏற்றுமதி வாய்ப்புகள் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

வெம்பிளி ஹோட்டல் ஒன்றில் வர்த்தக மன்றம் வருடாவருடம் நடத்தும் முதலீட்டு மாநாட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விளக்கேற்றல், வரவேற்பு நடனம், பொன்னாடை. பிறகு திரையில் கடல், காற்றாலை, மாமரம். சின்ன நாடு, பெரிய வாய்ப்பு என்று ஒருவர் பேசுவார். புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைப்பார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால், இரண்டு பக்கமும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று பரஸ்பரம் புரிந்துகொள்வது. அதன் பிறகு சாப்பாடு. மன்றத்தின் தலைவரை இங்கே தலைவர் என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் அதற்கும் ஒரு பொன்னாடை கேட்பார்.

அப்படியொரு மாநாட்டில், கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தார்.

"நான் கேள்வி கேக்க வரேல்லை. ஒரு உதவி. போன மாசம் ஊர்த்தூள் கடையில காசு குடுத்து வாங்கின ஆக்கள் ஒருக்காக் கையைத் தூக்குங்கோ பாப்பம்."

மண்டபம் சிரித்தது. ஒருவரும் தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கணக்காளர், "எங்களுக்கு மாமி அனுப்புறவ அக்கா" என்றார். அதற்கும் சிரிப்பு. பின்வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐடி வேலை பார்க்கும் ஓர் இளம் பெண். தோழியோடு சும்மா வந்தவள்.

"நான் ரெகுலரா வாங்குறேன் ஆன்ட்டி. எனக்கு அந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்ல, அதான்."

அக்கா மண்டபத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? அந்தப் பிள்ளைதான் இஞ்ச இருக்கிற ஒரே முதலீட்டாளர். மற்ற ஆக்கள் எல்லாரும் போட்டி வியாபாரியள். உங்கட சூட்கேஸ்தான் என்ரை போட்டி." அதற்கும் கை தட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு எதற்குத் தட்டுவதென்று தெரியாது.

பிறகு காரில் வரும்போது, ஏன் இவ்வளவு சூடாகப் பேசினீர்கள் என்று கேட்டேன். நாடு சின்னது, உள்ளுக்குள் விற்று ஓர் ஆலையை வளர்க்க முடியாது என்றார். "இந்தியாக்காரன் தன்ரை ஆக்களுக்கு வித்தே பெரியாளா வரலாம் தம்பி. எங்களுக்கு ஏலாது. வெளியில வித்தாத்தான் அந்தப் பெட்டையளுக்கு வேலை நிலைக்கும். வெளியில முதல் ஆர் இருக்கினம்? நாங்கள். நாங்களே வாங்கேல்லையெண்டா, வெள்ளைக்காரனிட்டை என்ன முகத்தோட போறது?"

ஊரில் டீசலும் மின்சாரமும் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற அந்த நெருக்கடி வருடத்தில் ஆலை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆலையை நடத்துபவர் யோகேஸ்வரி, எல்லோருக்கும் யோகேஸ். நாற்பதைத் தாண்டிய, கணவரை இழந்த பெண். அவரும் மற்றவர்களும் விறகில் வறுத்து, கிடைத்த நேரத்தில் அரைத்து, எப்படியோ ஒரு சரக்கைச் சேர்த்தார்கள். அனுப்புவதற்கு முன் அதில் ஒரு மாதிரிப் பை வந்தது. அக்கா கிடங்கில் அதைக் கையில் எடுத்து அமத்திப் பார்த்தார். தூள் உதிராமல் கட்டியாய் நின்றது. ஈரம்.

அவர் அந்தச் சரக்கை வேண்டாம் என்று சொன்னார். இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய், 'நொந்த பெண்களின் உழைப்பை உதறியவர்' என்று லண்டன் முழுக்கக் கதை பரவியது. சொன்னவர்களில் ஒருவரும் அந்தத் தூளைத் தாங்கள் வாங்குவதாகச் சொல்லவில்லை. அக்கா யோகேசோடு தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டது. அக்காவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, குரல் மட்டும் இளகவில்லை.

"யோகேஸ், நான் சொல்லுறதைக் கேளும். பாவம் எண்டு வாங்கிற ஆக்கள் ஒருக்காத்தான் வாங்குவினம். நல்லாயிருக்கெண்டு வாங்கிற ஆக்கள் திரும்பவும் வருவினம். உமக்கு ஒருக்கா வித்தாப் போதுமோ?"

அடுத்த சரக்கு வந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விரலால் தொட்டதும் மண்ணாய் உதிர்ந்தது. வாசனை கிடங்கைத் தாண்டி டயர்க்கடை வரைக்கும் போயிருக்க வேண்டும். டயர்க்கடைக்காரன் வந்து என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டான்.

அந்தத் தூளோடுதான் அக்கா பெரிய கதவைத் தட்டினார். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம். பழைய வேலைத் தொடர்புகள் உதவின, ஆனால் ருசிதான் உள்ளே கொண்டுபோனது. சில கிளைகளில் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்ப்பதென்று முடிவானது. விற்றால் இன்னும் பல கிளைகளுக்குப் போகும். விற்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் நிபந்தனை. கிளிநொச்சியில் யோகேஸ் இன்னும் பெண்களை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா லண்டனில் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு தமிழரையும் கூப்பிட்டுச் சொன்னார்: போங்கோ, வாங்குங்கோ.

போனார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. போகாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

முதல் சனிக்கிழமை அக்காவும் நானும் கிங்ஸ்பரிக்குப் பக்கத்துக் கிளையில் தேயிலை அடுக்கிய தட்டுக்கு அருகே, தேயிலை பார்ப்பவர்கள்போல நின்றோம். எங்கள் தூள் இருந்த தட்டுக்குச் சனம் வந்தது. பக்கெற்றை எடுத்தார்கள். கைத்தொலைபேசியை எடுத்தார்கள். பிள்ளைகளைத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கெற் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் பக்கெற்றுகளைப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கி, கவனமாகத் தட்டில் திருப்பி வைத்தார்கள். ஒரு பெண் பக்கெற்றுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைத்தார். அன்று பின்னேரமே என் தொலைபேசி நிறைய அந்தப் படங்கள்தான்: 'எங்கட தூள் லண்டன் சூப்பர் மார்க்கெட்டில்! பெருமை கொள்வோம்!'

தலைவரும் வந்தார், ஒரு படப்பிடிப்பாளரோடு. தட்டில் இருந்ததையெல்லாம் முன்னுக்கு இழுத்து அடுக்கச் சொன்னார். இரண்டு கையிலும் இரண்டு பக்கெற் பிடித்துக்கொண்டு நின்றார். படம் சரியாக வரும் வரைக்கும் எடுத்தார்கள். பிறகு இரண்டையும் வைத்துவிட்டு, ஒரு பால் போத்தலும் பூண்டுப் பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "நில்லுங்கோ, நான் போய் அவரைக் கேக்கிறன்" என்று கிளம்பினேன்.

"கத்தாதேங்கோ தம்பி. கடைக்குள்ள நிக்கிறம்."

அக்கா தட்டுக்குப் போனார். ஒவ்வொரு பக்கெற்றாய் எடுத்து நிமிர்த்தி வைத்தார். "பாருங்கோ, இவ்வளவு சனமும் தொட்டதில மூலையெல்லாம் மடங்கிப்போச்சு" என்றார். "மூலை மடங்கின பக்கெற்றை வெள்ளைக்காரனும் வாங்க மாட்டான்." அவர் சொல்வது சரிதான். தாங்களும் வாங்காமல், வாங்கக்கூடியவனையும் வாங்கவிடாமல் பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள்.

சொன்ன காலம் முடிந்ததும் தூளைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ருசி நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்று அந்த நிறுவனத்துக் கொள்முதல் அதிகாரி அக்காவிடம் சொன்னார். அக்கா அவரிடம் கோபப்படவில்லை. தானும் அந்த மேசையில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன் என்றார். யோகேஸ் புதிதாக எடுக்க நினைத்த பெண்களை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாநாட்டில், திரை முழுக்கத் தலைவரின் படம். இரண்டு கையிலும் தூள். 'எமது மன்றத்தின் முயற்சியால்' என்று எழுத்து. தூள் தட்டிலிருந்து இறங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. அக்கா எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"தலைவர், படத்தை எடுத்தியள். பக்கெற்றை ஏன் திருப்பி வைச்சியள்?"

"அக்கா, இது தனிப்பட்ட விசயம் கதைக்கிற இடமில்லை," என்றார் தலைவர். யாரோ ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார்கள். அக்கா விட்டுக்கொடுத்தார். மைக் இல்லாமலே பேசினார்.

"தனிப்பட்ட விசயமோ? உங்கட கையில இருக்கிறது ஆரோ ஒருத்தியின்ரை வீட்டு அடுப்பு. வாங்காட்டிப் பரவாயில்லை. வித்துப்போச்செண்டு சொல்லாதேங்கோ."

மறுநாள் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். நான் ஆட்சேபித்து எழுதினேன். பதிலுக்குக் கும்பிடு பொம்மைகள் வந்தன. நானும் வெளியேறப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "நீங்கள் இருங்கோ. அவை என்ன கதைக்கினம் எண்டு ஆராவது பாக்கத்தானே வேணும்" என்றார். அப்படி நான் இருந்ததால்தான் அந்தக் காதில்லாத படத்தை நான் பார்க்க நேர்ந்தது.

அதன் பிறகு அக்கா எங்கள் சனத்தை நம்பி இருக்கவில்லை. எட்மண்டனில் கெவின் என்றொரு ஆங்கிலேயர் இறைச்சியில் சொசேஜ் செய்து உணவகங்களுக்குக் கொடுக்கிறார். அவரிடம் தூளைக் கொண்டுபோனார். அக்கா வாழ்நாள் முழுக்கச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே போய் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தன் தூள் சொசேஜில் வேகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது காரில் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அவன் ஒரு கேள்விதான் கேட்டவன் தம்பி. இதே சாமான் இதே ருசியில அடுத்த மாசமும் வருமோ எண்டு."

"எந்த ஊரெண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை. இலங்கை எங்க இருக்கெண்டே அவனுக்குத் தெரியாது. கோழிக்கு நல்லது, பண்டி இறைச்சிக்கு இன்னும் நல்லது எண்டான்." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கெவின் பெரிய அளவில் எடுக்கவில்லை. ஆனால் மாதம் தவறாமல் எடுத்தார். பிறகு வெம்பிளியில் பலகாரம் செய்யும் ஒரு குஜராத்திக்காரர் சேர்ந்தார். கிங்ஸ்பரிக் கடையிலும் கொஞ்சம் ஓடியது. செங்கடல் பிரச்சினையில் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வந்தபோதும், அக்கா முன்கூட்டியே சரக்கு எடுத்து வைத்து ஒருவரையும் காக்கவைக்காமல் பார்த்துக்கொண்டார். ஆலை ஓடியது. வளரவில்லை, ஆனால் ஓடியது.

சுடலை மண்டபத்தில் அக்காவின் இறுதிக் கிரியைக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். அதில் பெரும்பகுதியைத் தலைவர் எடுத்துக்கொண்டார். ஏற்றுமதிச் செம்மல் என்றார், பெண்ணினத்தின் பெருமை என்றார், அக்காவின் கனவை மன்றம் சுமக்கும் என்றார். கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகள் பாதி பேசுவதற்குள் மண்டப ஊழியர் வந்து நேரத்தைக் காட்டினார். பெற்ற பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாவீட்டில் சத்தம் போட்டால் அக்கா எழும்பி வந்து ஏசுவார்.

வெளியே வந்தபோது பின்னால் ஒருவர் தோளைத் தொட்டார். கறுப்பு டை கட்டிய கெவின். யாரிடம் பேசுவதென்று தெரியாமல் தனியே நின்றிருக்கிறார். "மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் இதைக் கேட்கக்கூடாது," என்றார். "தூள் முடியப்போகிறது. இனி யாரிடம் ஓர்டர் கொடுப்பது?"

அங்கே நின்றுதான் நான் அழுதேன். பாவம், தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து அந்த மனிதர் என்னிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். உள்ளே பேசிய ஒருவருக்கும் வராத கேள்வி இவருக்குத்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முன் தலைவர் என் வீட்டுக்கே வந்தார். கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கை முழுவதும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கேட்ட விலை, உடனே. அதைச் சின்னப் பைகளில் போட்டு, அக்காவின் படமும் மன்றத்தின் பெயரும் அடித்து, அந்தியேட்டிக்கு வருகிற எல்லோருக்கும் நினைவுப் பொருளாக இலவசமாகக் கொடுப்பாராம். மிஞ்சியதை அடுத்த மாநாட்டில் கொடுப்பாராம். அங்கே அக்காவின் பெயரில் ஒரு விருதும் உண்டாம்.

என் வாயில் வந்ததை விழுங்கினேன். ஏனென்றால் என் கோபத்துக்காக யோகேசின் ஆலையைப் பட்டினி போட எனக்கு உரிமையில்லை. அக்கா இல்லை. விற்ற பிறகுதான் ஆலைக்குக் காசு போகும்; இந்தச் சரக்கு கிடங்கில் தேங்கினால் அடுத்த மிளகாயை வாங்க அவர்களிடம் பணம் இருக்காது. ஆலையை மூட வேண்டியதுதான். இவர் முழுவதையும் எடுத்தால் இந்த முறை தப்பிவிடுவார்கள். அக்காவின் மகளைக் கேட்டேன். "அங்கிள், அம்மான்ரை பிஸ்னஸ் எனக்கு ஒண்டுமே தெரியாது. அந்த யோகேஸ் ஆன்ட்டியைக் கேளுங்கோ. அது அவையின்ரை சாமான்தானே?" என்றாள். சரியான பிள்ளை.

காலையில் யோகேசைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், பின்னால் ஆலை இரைந்துகொண்டிருந்தது. முதலில் அக்காவை நினைத்து அழுதார். அழுது முடியும் வரைக்கும் காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, அவர் அடுத்த முறையும் வாங்குவாரோ?"

"இல்லைப் பிள்ளை. இது இந்த ஒருக்காத்தான்."

"அந்தச் சொசேஜ்காரர்?"

"அவர் கொஞ்சந்தான் எடுப்பார். ஆனா மாசாமாசம் எடுப்பார்."

"அப்ப அவருக்கு வைச்சுக் குடுங்கோ. இவருக்கு வேண்டாம். வீடுவீடா ஒருக்காச் சும்மா போச்செண்டா, பிறகு ஆரண்ணை காசு குடுத்து வாங்குவினம்? கொஞ்சம் கொஞ்சமா வித்துத் தாங்கோ. நாங்கள் பொறுப்பம்."

தலைவருக்குச் சொன்னேன். செத்த மனுசிக்குச் செய்கிற மரியாதையை நான் தடுப்பதாகக் கத்தினார். "மரியாதை செய்ய விருப்பமெண்டா, கிங்ஸ்பரியில கடையில இருக்கு. போய் வாங்குங்கோ" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. அந்தியேட்டியில் வந்தவர்களுக்கெல்லாம் மன்றத்தின் பெயர் பொறித்த எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள். அது எந்த நாட்டில் செய்ததென்று அடியில் எழுதியிருந்தது. இலங்கையில் இல்லை.

சரக்கு வந்தது. துறைமுகத்தில் மறுபடியும் சோதனைக்கு நிறுத்தினார்கள், மறுபடியும் தப்பியது. கெவினுக்கு வேண்டியது போய்விட்டது. மிச்சம் மெதுவாகப் போகிறது. சனிக்கிழமைகளில் டயர்க்கடைக்குப் பின்னால் கிடங்கைத் திறந்து வைப்பது இப்போது நான். எனக்கு வியாபாரம் தெரியாது, பொறுமையும் போதாது. ஆலை அடுத்த மிளகாயை வாங்குமா என்பது இந்த மிச்சம் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அக்காவின் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் போட வேண்டாம். கடைக்குப் போய் ஒரு பக்கெற் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வாங்காதீர்கள். ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், யோகேசிடம் அப்படியே சொல்கிறேன். அம்மா அனுப்பும் தூளை எறியச் சொல்லவில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு வந்து ஏற்றுமதி பற்றிப் பேசாமல் இருந்தால் போதும்.

போன சனிக்கிழமை கிங்ஸ்பரிக் கடைக்குப் பக்கெற் போடப் போயிருந்தேன். நம்மவள்தான், ஓர் இளம் பெண், தூளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை வெளியே எடுத்தாள். இவளும் படந்தான் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வாய் திறக்கப்போனேன். அவள் நேரே கல்லாவுக்குப் போய், அந்தத் தொலைபேசியைக் காட்டிக் காசைக் கட்டிவிட்டு, பக்கெற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது சேலையும் இல்லை, படமும் இல்லை. அவர் யோகேசிடம் கொடுத்து, யோகேஸ் என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அடுத்த முறையும் வாங்குவாளோ என்று பார்க்க, வருகிற சனிக்கிழமையும் நான் அந்தக் கடையில்தான் நிற்பேன்.